மதுரை மொட்டை மாடிக்கு எது தாங்கும்: பையா, மண் தொட்டியா, பாதி டிரம்மா?

சித்திரையில் ஒரு நாள், கத்தரிச் செடியை நிழலுக்கு நகர்த்தலாம் என்று செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையின் காதைப் பிடித்துத் தூக்கினேன். காது கையோடு வந்துவிட்டது. மேல் விளிம்பைத் தொட்டால் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கி, வெள்ளைத் துகளாக விரலில் ஒட்டியது. அந்தப் பைக்கு அது இரண்டாவது கோடைதான்.

எல்லிஸ் நகரில் எங்கள் மாடியில் பை, மண் தொட்டி, வெட்டிய டிரம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆறு வருஷமாகக் காய்கறி வளர்க்கிறேன். செடி எதுவாக இருந்தாலும், நம் ஊரில் அது பிழைப்பதை முடிவு செய்வது அது நிற்கும் பாத்திரம்தான். கத்திரி வெயிலும் ஆடிக் காற்றும் அப்படிப்பட்டவை.

முதலில் பை. எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. விலை குறைவு, மாடிக்கு எடை ஏறாது. 5 கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்கு உப்பிவரும். 24 சென்டிமீட்டர் சதுரமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பை மூன்று நிரம்பிவிடும். பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த எடைக் குறைவே ஆடி மாதத்தில் வினையாகிறது. அம்மியே பறக்கும் காற்றில் ஆளுயரத் தக்காளியோடு நிற்கும் பை எம்மாத்திரம்? ஒரே ராத்திரியில் நாலு பை சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நார்க்கழிவிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுக்காமல் போட்டால் நாற்று கருகும். மட்காத கழிவாக இருந்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; செடிக்கு மிச்சம் இருக்காது. இலை வெளிறி நிற்கும்போது நாம் பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடுவோம். நான் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். இப்போது செம்மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்துவிடுகிறேன். எடை கொஞ்சம் கூடும், செடி நிற்கும்.

அடுத்தது மண் தொட்டி. மானாமதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. கடம் செய்யும் அந்த ஊரின் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சுட்ட தொட்டியைச் சித்திரை மத்தியானம் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் பை சுடும்போது தொட்டியின் நிழல் பக்கம் குளிர்ந்திருக்கும். சுவரின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, அதனால் வேரும் குளிர்ச்சியாக இருக்கிறது. என் மிளகாய்ச் செடிகள் இரண்டு கோடை தாண்டியது தொட்டியில்தான்.

ஆனால் அந்தக் குளிர்ச்சி நம் தண்ணீரில்தான் வருகிறது. கத்திரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்துவிடும். மாதம் ஒரு முறை தேய்த்துக் கழுவி, மண்ணிலும் நல்ல தண்ணீர் விட்டு உப்பை இறக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் பத்துத் தொட்டி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பாதி டிரம் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. உணவுப் பொருள் வந்த டிரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். ரசாயனம் வந்தது வேண்டவே வேண்டாம். அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, நடுவில் மெருகு பூசாத சின்னக் கலயத்தைக் கழுத்து வரை புதைத்துவிடுங்கள். கலயத்தில் ஊற்றும் தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் கசியும். மேலே ஆவியாவது குறைவு, வேர் கலயத்தையே சுற்றிப் படரும். கோடையிலும் நான் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் கலயத்தை நிரப்புகிறேன்.

இதன் குறை எடை. ஈர மண்ணோடு ஒரு பாதி டிரம் 150 கிலோ வரும். மாடியின் நடுவில் வைக்கவே கூடாது. கீழே சுவர் ஓடும் இடமாகப் பார்த்து, செங்கல் மேல் வையுங்கள். செங்கல் இல்லாவிட்டால் அடியில் நீர் தேங்கி, கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சரி, எதை எதில் வைப்பது? கீரைக்குப் பை போதும். ஒரு மாதத்துக்குள் பறித்துவிடுவோம், அதுவும் நிழல்வலைக்குக் கீழே இருந்தால் பை கூடுதல் நாள் உழைக்கும். மிளகாய்க்கு மண் தொட்டி. கத்தரி, அவரை, கறிவேப்பிலைக்கு டிரம். வெங்காயம், உருளை எதிலும் வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் அண்ணா நகரில் திறந்த ஊர் இது. அவற்றை அங்கே வாங்கிக்கொண்டு, பறித்த அரை நாளில் வாடுவதை மட்டும் மாடியில் வளர்க்கலாம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் டிரம்மை எடுங்கள். கலயத்தின் வாயை மட்டும் ஓட்டுச் சில்லு வைத்து இடுக்கில்லாமல் மூடிவிடுங்கள், திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும்.