மாகாண அணியா, தனியாகப் பறப்பதா?

தரவரிசையில் 400க்குக் கீழே இருக்கும் ஒரு சீன டென்னிஸ் வீராங்கனைக்கு இரண்டு வழிதான். மாகாண அணியில் இருந்தால் பயிற்சியாளர், தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பதிலுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை வரும் தேசிய விளையாட்டுப் போட்டியில் மாகாணத்துக்குப் பதக்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று 'தனியாகப் பறப்பது', அதாவது பயிற்சியாளர், பயணம் எல்லாச் செலவையும் தானே பார்த்துக்கொள்வது.

2008 இறுதியில் லீ நா, செங் ஜீ போன்ற சீனாவின் முன்னணி வீராங்கனைகள் நால்வருக்கு 'தனியாகப் பறக்க' அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பரிசுப் பணத்தில் 65 சதவீதம் வரை அரசு விளையாட்டு அமைப்புக்குக் கொடுத்துவந்தவர்கள், அப்புறம் 8 முதல் 12 சதவீதம் கொடுத்தால் போதும் என்றானது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் லீ நாவுக்குச் சரியான கணக்கு 400ஆம் இடத்துக்காரிக்குச் சரிவருமா? அடிமட்டத்தில் அவள் ஆடும் டபிள்யூ15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை ஒற்றையர், இரட்டையர் எல்லாரும் பங்குபோட வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் ஓட்டல் பில்லுக்கே கையைக் கடிக்கும், இதில் பயிற்சியாளர் சம்பளம் வேறு.

என்னைக் கேட்டால், 200க்குள் வரும்வரை மாகாண அணிதான். சீன வீராங்கனை சாங் ஷுவாய் கிராண்ட் ஸ்லாம் முதல் சுற்றில் 14 முறை தோற்ற பிறகுதான் 2016 ஆஸ்திரேலிய ஓப்பனில் முன்னணி வீராங்கனை ஹாலெப்பை வீழ்த்தி காலிறுதி வரை போனார். அவ்வளவு தோல்வியையும் சொந்தக் காசில் எத்தனை பேரால் தாங்க முடியும்?