42,000 கிலோமீட்டருக்குப் பிறகும் போகாத எண்ணெய்க் கறை

போன வாரம்தான் சர்வீஸ் முடிந்து என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கைக்கு வந்தது. சார்ஜர் போர்டு மாற்றியதற்கு 9,400 ரூபாய். வாரண்டி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்று சாயங்காலமே கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "மச்சான், நானும் கரண்ட் வண்டிக்கு மாறலாம்னு இருக்கேன். உண்மையைச் சொல்லு, லாபமா நட்டமா?" டீ குடித்து முடிப்பதற்குள் சொல்ல முடிகிற விஷயமாக இல்லை.

வண்டி எடுத்தது 2021 நவம்பரில். அந்த வருஷம் ஜூலையில்தான் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. அதற்கு முந்தைய வருஷம் ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனபோது நம் பங்க்கில் விலை இறங்கவில்லை; மத்திய அரசு கலால் வரியைத்தான் ஏற்றியது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. எங்கோ சண்டை நடந்தால் இங்கே விலை ஏறும், சண்டை ஓய்ந்தால் இறங்காது. அந்தக் கோபத்தில்தான் மாறினேன்.

திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக அம்பத்தூர் எஸ்டேட், போக வர 40 கிலோமீட்டர். நாலு வருஷத்தில் 42,000 ஓடியிருக்கிறது. பழைய ஸ்கூட்டரில் லிட்டருக்கு 45 கிடைத்தது; அந்தக் கணக்கில் பெட்ரோலுக்கே 93,000 ரூபாய் போயிருக்கும். இதற்கு ஏறக்குறைய 1,500 யூனிட், யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தாலும் 9,000. மழைக்காலத்தில் இரண்டு மாதக் கரண்ட் பில் 450 யூனிட்டில் நிற்கும். கோடையில் ஏசியோடு சேர்ந்து 500ஐத் தாண்டிவிட்டால் 200 யூனிட் வரை கிடைக்கிற மலிவு விலையும் கைவிட்டுப் போகும். அதைக் கழித்தாலும் லாபம் லாபம்தான். ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம் 85 கிலோமீட்டரிலிருந்து 62க்கு வந்திருக்கிறது, எனக்கு அது போதும்.

ஆனால் இந்த வண்டியைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே எனக்கு ஞாபகம் வருவது ஃபுட்போர்டு மேட்டுக்கு அடியில் இருக்கும் கறை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எர்ணாவூரில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை விட்டிருந்தேன். வெள்ளம் ஃபுட்போர்டைத் தொட்டது. வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர். வடிந்த பிறகு அக்கா வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு போட்ட மாதிரி கறுப்பு. பேட்டரிக்குள் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, அந்த விஷயத்தில் செய்தவனைக் கும்பிடலாம். மேட்டைத் தூக்கினால் அடியில் ஒவ்வொரு வரிப்பள்ளத்திலும் தார் மாதிரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். மேலே இருந்தது வந்துவிட்டது, பள்ளத்தில் ஊறியது வரவில்லை. மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் இன்றைக்கும் லேசாக அந்த வாடை வரும். ஒரு சொட்டு பெட்ரோல் போடாத வண்டி!

அந்த டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்கள் படகில் நின்று பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றியதை நேரில் பார்த்தேன். கூழைக்கடா ஒன்று இறக்கையை விரிக்க முடியாமல் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்தான், ஏழு வருஷம் கழித்தும் அதே கைதான். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு 12,500 ரூபாய் கொடுத்தது. ஆற்றில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? பங்க்கில் நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் இந்தச் செலவு எந்தக் காலத்திலும் சேர்ந்ததில்லை.

இதற்காக என் வண்டி சுத்தமானது என்று சொல்லவும் மனசு வரவில்லை. அதே கொசஸ்தலை ஆற்றங்கரையில்தான் அனல்மின் நிலையங்கள் நிலக்கரி எரிக்கின்றன. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் சார்ஜ் போடும் கரண்டில் அதற்கும் பங்கு உண்டு. மொட்டை மாடியில் சோலார் வைக்க எனக்குச் சொந்த மாடி இல்லை.

எரிச்சல் வேறு இடத்தில். இந்த வண்டியைத் தெரு மெக்கானிக் தொட முடியாது. எங்கள் தெருமுனை அண்ணன் முப்பது வருஷமாக எந்த வண்டியையும் காதால் கேட்டே பழுது சொல்வார். இதைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பூட்டு போட்ட பெட்டிப்பா" என்று மூடிவிட்டார். போர்டு வர 23 நாள் ஆனது. அந்த 23 நாளும் மச்சினன் வண்டியை வாங்கி, பெட்ரோல் போட்டுத்தான் வேலைக்குப் போனேன். புது பேட்டரி 68,000 என்கிறார்கள். மிச்சம் பிடித்ததில் முக்கால்வாசிக்கு மேல் அதற்கே போய்விடும். பழைய பேட்டரியை எங்கே கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. எண்ணெயைக் கேள்வி கேட்காமல் வாங்கியே பழகியதன் விலையைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரன் நான், அந்தப் பதில் இல்லாதது எனக்குப் பெரிய விஷயம்.

நண்பனிடம், "இப்ப வாங்காதே மச்சான், உன் ஏரியாவுல சர்வீஸ் சென்டர் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே வண்டி. 23 நாள் அவனால் தாங்க முடியாது.

நான் இந்த மாதத்திலிருந்து பேட்டரிக்கென்று 2,000 ரூபாய் தனியாக எடுத்துவைக்கிறேன். இந்த வண்டியை விற்கமாட்டேன்.