ஈயமா, இரும்பா, தண்ணீரா? காமாக் கதிரின் 'பில்டப்' கணக்கு

1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை மறிக்க வேண்டும். சுமார் 12.4 செ.மீ. ஈயம் வைக்கலாம், 21 செ.மீ. இரும்பு வைக்கலாம், இல்லையென்றால் 141 செ.மீ. தண்ணீர். அடுக்குக்குறிச் சூத்திரத்தில் (தடிமன் கூடக் கூட, மோதாமல் தப்பும் கதிர் மடங்கு மடங்காகக் குறையும் என்ற கணக்கு) போட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்: எங்கும் மோதாமல் நேராக வெளியே வருவது 22,000 ஃபோட்டான்களில் (காமாக் கதிரின் துகள்கள்) ஒன்று. ஈயச் சுவரும் தண்ணீர்ச் சுவரும் எடையிலும் சமம், சதுர செ.மீ.க்கு 141 கிராம்.

ஆனால் மறுபக்கம் மீட்டரை வைத்தால் கணக்கு உதைக்கும். மோதிய ஃபோட்டான் செத்துவிடுவதில்லை. காம்ப்டன் சிதறலில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, திசை மாறி, அதுவும் வெளியே வரப் பார்க்கும். இந்த உபரியைத்தான் பில்டப் என்கிறார்கள். (நம் ஊர் 'பில்டப்' இல்லை, இது நிஜமாகவே அளவைக் கூட்டும்.)

1954-ல் கோல்ட்ஸ்டீனும் வில்கின்ஸும் கணக்கிட்ட அட்டவணைப்படி, இந்தத் தடிமனில் புள்ளி மூலத்துக்கு (கதிரை உமிழும் பொருள் ஒரு புள்ளி அளவில் இருந்தால்) தண்ணீரின் பில்டப் காரணி, அதாவது உபரியால் அளவு எத்தனை மடங்காகிறது என்பது, சுமார் 27, இரும்புக்கு 16, ஈயத்துக்கு 4-ஐக்கூடத் தொடவில்லை. அதாவது தண்ணீருக்குப் பின்னால் 22,000-ல் ஒன்று என்று நம்பிய இடத்தில் உண்மையில் மீட்டர் காட்டும் கதிர்வீச்சு அளவு 800-ல் ஒரு பங்கு. ஈயத்தில் 5,900-ல் ஒரு பங்கு.

காரணம் அணு எண். சிதறி ஆற்றல் குறைந்த ஃபோட்டானை 82 அணு எண் கொண்ட ஈயம் ஒளிமின் விளைவால் விழுங்கிவிடுகிறது. தண்ணீரால் அது முடியாது. பந்து மாதிரி தட்டித் தட்டி விளையாடிக்கொண்டே இருக்கும். இரும்பு இரண்டுக்கும் நடுவில். கான்கிரீட்டின் குணம் தண்ணீர்ப் பக்கம்தான் சாயும்.

அப்படியானால் ஈயம்தானா? சிறிய மூலம், தூக்கிப்போகும் பெட்டி என்றால் ஆமாம், மறுபேச்சே இல்லை. இடம் தாராளமாக இருந்தால் என் ஓட்டு தண்ணீருக்கு. 27 மடங்கைச் சமாளிக்க அரை மீட்டருக்குச் சற்று மேல் ஆழம் கூட்டினால் போதும். கோபால்ட்-60 கதிர்வீச்சு ஆலைகளில் வேலை முடிந்ததும் மூலக்கம்பிகளைத் தண்ணீர்த் தொட்டியில்தான் இறக்குகிறார்கள். தண்ணீரில் விரிசல் விழாது, மேலிருந்து பார்க்கலாம், நீளக் கைப்பிடிக் கருவியை உள்ளே விட்டு வேலையும் செய்யலாம்.

இரண்டையும் சேர்ப்பதாக இருந்தால் வரிசை முக்கியம். இந்த ஆற்றலில் லேசான பொருள் மூலத்தின் பக்கம், ஈயம் வெளிப்பக்கம். மாற்றி வைத்தால் ஈயம் வடிகட்டி அனுப்பியது தண்ணீரில் மறுபடி சிதறி, பில்டப் ஏறிவிடும்.