பயிற்சித் தச்சர்களுக்கு எந்தப் போட்டி: பதக்கத்துக்கான மாதிரியா, ஊருக்கான பெஞ்சா?

முதல் வகை, 1950-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் இளைஞர்களோடு தொடங்கி, இன்று வேர்ல்டுஸ்கில்ஸ் என்று வளர்ந்து நிற்கும் சர்வதேசத் தொழில்திறன் போட்டியின் வழி. அங்கே எல்லோரும் ஒரே வரைபடத்தைக் குறித்த நேரத்துக்குள் செய்து முடிக்க, கழுந்து (மரத்துண்டின் முனையில் செதுக்கிய நாக்கு) துளையில் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கிறதா என்பது வரை நடுவர்கள் அளந்து பார்க்கிறார்கள். கைத்திறனை ஒப்பிட இதைவிட நியாயமான முறை இல்லை.

இரண்டாவது வகையில், போட்டியில் செய்த பெஞ்சோ குழந்தைகளின் விளையாட்டு வீடோ அப்பகுதிப் பள்ளிக்கோ பூங்காவுக்கோ போய்ச் சேர்கிறது. இங்கே கேள்விகளே மாறிவிடுகின்றன: இருக்கைப் பலகைகளுக்கு நடுவே மழைநீர் வடிய இடம் விட்டிருக்கிறதா, பிள்ளைகளின் கை படும் விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கின்றனவா, கால்களின் அடிமரம் ஈரமண்ணைத் தொடாமல் நிற்கிறதா? மதிப்பெண் போடுவது கடினம்தான். ஆனாலும், தன் வேலையை நம்பி ஒருவர் உட்காரப் போகிறார் என்ற பொறுப்பு, பயிற்சி பெறுபவருக்கு இங்கேதான் முழுதாக உறைக்கிறது.

ஆகவே தொடக்க ஆண்டு மாணவர்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்; உலக மேடைக்குத் தயாராகும் சிலருக்கு முதலாவது தவிர்க்க முடியாதது. மரச்செலவு இரண்டிலும் உண்டு, இரண்டாவதில் அது ஊருக்கே திரும்புகிறது. ஆனால் ஒப்படைக்கும் முன் அனுபவமுள்ள தச்சர் ஒருவர் ஒவ்வொரு பொருத்தையும் சோதித்தாக வேண்டும்.