"ஜெர்சி" ப்ளூபெர்ரின்னு ஆன்லைன்ல செடி விக்கிறாங்களா, கொஞ்சம் நில்லுங்க

மிச்சிகன், ஒஹாயோ பக்கம் வீட்டுத் தோட்டம் போடுற நம்ம மக்களுக்கு இது. கடை பேர் போடல, ஆனா விளம்பரத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்: பழைய பாரம்பரிய ரகம், எந்தக் குளிரும் தாங்கும், ஹைபுஷ் (உயரமா வளர்ற, குளிர் பிரதேசத்து ப்ளூபெர்ரி வகை), பேரு ஜெர்சி, பக்கத்துல கோலிகுண்டு சைஸ்ல பழத்தோட ஒரு போட்டோ. ஜெர்சி நிஜமாவே அருமையான ரகம்ங்க, 1928ல வந்தது, நியூஜெர்சி காட்டுலேர்ந்து எடுத்த ரூபெல் செடியோட வாரிசு, இங்க மேற்கு மிச்சிகன்ல பழைய தோட்டங்கள்ல இன்னும் காய்க்குது. ஆனா அதோட பழம் அவ்ளோ பெருசு கிடையாது, அந்த போட்டோவே பொய்.

நானும் நம்பி வாங்கினேன். நாலு வருஷச் செடின்னாங்க, வந்தது பென்சில் மொத்தத்துல குச்சி. டேக்ல வெறும் "ப்ளூபெர்ரி". ரகம் பேர் எங்கன்னு போன் பண்ணி கேட்டா, டேக்ல இடம் பத்தாதுங்களாம்! கூடவே "ஆசிட் மண்"ணுன்னு ஒரு மூட்டை தலைல கட்டினாங்க, டெஸ்ட்டுக்கு அனுப்பினா பிஹெச் (மண்ணோட புளிப்பு அளவு, கம்மியா இருந்தா புளிப்பு ஜாஸ்தி) 6.9, ப்ளூபெர்ரிக்கு வேண்டியது 4.5லேர்ந்து 5.5, மிச்சிகன்ல நம்ம நோவை (Novi) ஊர்ப் பக்கத்து களிமண்ணுக்கும் அந்த மூட்டை மண்ணுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல.

அக்டோபர்ல பக்கத்து வீட்டுப் பாட்டியோட ஹைபுஷ் எல்லாம் செக்கச்செவேல்னு மாறி இலை கொட்டுது, நம்மளது பனி விழுற வரைக்கும் பச்சையாவே நிக்குது, அப்பவே மனசு கேக்கல. ஏப்ரல்ல அடி வரைக்கும் கருகிப்போச்சு, பாட்டி செடி அதே குளிர்ல இருந்துட்டு ஜம்முனு துளிர்க்குது. எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல (தோட்டம், விவசாயத்துக்கு ஆலோசனை சொல்ற யுனிவர்சிட்டி ஆபீஸ்) போட்டோவெல்லாம் காட்டினேன், பாத்தா ரேபிட்ஐங்கிற வேற ப்ளூபெர்ரி வகை மாதிரி இருக்கு, அது ஜார்ஜியா மாதிரி தெற்கு ஸ்டேட்டுக்கானது, இங்க தாங்காதுன்னாங்க.

கடைக்காரன் கேரண்டி 60 நாள். வசந்தத்துல நட்டா கோடையிலேயே முடிஞ்சுபோகும், குளிரைத் தாங்குமா தாங்காதாங்கிறது டிசம்பருக்கு மேலதான் தெரியும், அது அவனுக்கும் நல்லாவே தெரியும். பாதி ரேட்டுக்கு கூப்பன் தரேங்கறான், அதே கடையில மறுபடி வாங்கணுமாம், யாருக்கு வேணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ரகம் பேரை அச்சடிச்ச டேக் செடியில வருமான்னு ஈமெயில்ல கேளுங்க, மழுப்பினா விட்ருங்க. முடிஞ்சா உள்ளூர் நர்சரியில நேர்ல பாத்து வாங்குங்க. நான் கார்டு கம்பெனியில காசைத் திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், அவங்க முதல்ல கேட்டதே அந்த டேக்கோட போட்டோவைத்தான், நல்லவேளை அதைத் தூக்கிப் போடல.