வானத்தைப் படமெடுக்கும் மோட்டார் ஸ்டாண்ட்: மதுரையில் சரிப்படுமா?

நட்சத்திரங்களோடு சேர்ந்து கேமராவைத் தானே மெல்லத் திருப்பும் மோட்டார் ஸ்டாண்ட் ஒன்றை 22,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். மதுரைக்குள் வெளிச்சம் அதிகம் என்பதால் அப்பன்திருப்பதியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில்தான் வைக்கிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அது நம் ஊரில் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரம்தான், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த அளவு, ஆனால் சாய்க்கிற திருகு 20 பாகைக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. விற்றவரிடம் கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் தெற்குக் காலுக்கு அடியில் ஒரு செங்கல், அதன்மேல் ஒரு பலகைத் துண்டு வைத்தேன், அழகர்மலைப் பக்கம் சாய்ந்து சரியாக நின்றது. நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடாது.

இத்தனை பாடும் மாக்ஸ் வோல்ஃப் மீதுள்ள பிரியத்தில்தான். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த வானியலாளர். மற்றவர்கள் கண்ணால் பார்த்துச் சிறுகோள் தேடிய காலத்தில், தொலைநோக்கியை நட்சத்திரங்களோடு நகர்த்திக்கொண்டே மணிக்கணக்கில் படமெடுத்தார். நட்சத்திரங்கள் புள்ளியாக விழும், சிறுகோள் மட்டும் தனியாக நகர்வதால் சின்னக் கோடாக இழுபடும். 1891 டிசம்பரில் புரூசியா அப்படித்தான் சிக்கியது, படத்தின் மூலம் கிடைத்த முதல் சிறுகோள். 1906-இல் அக்கிலிஸ்: வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னால் ஓடுவது. மொத்தம் 248 கண்டுபிடித்திருக்கிறார்!

என் லென்ஸுக்கு அக்கிலிஸ் எட்டாது, ரொம்ப மங்கல். வெஸ்டா என்ற சிறுகோள் எட்டும். 2025 மே மாதம், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், சனியும் ஞாயிறும் நிலா மறைந்த பிறகு துலாம் ராசிப் பக்கம் படமெடுத்தேன். அப்புறம் இரண்டு படங்களையும் லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், அத்தனை புள்ளிகளும் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் இடம் மாறியிருக்கிறது, ஏறக்குறைய நிலாவின் பாதி அகலத்துக்கு. அக்கா மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள், "மாமா, இது நகருது!" என்று திரையில் விரலை வைத்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மோட்டார் சத்தம் போடுவதில்லை, இரண்டு நிமிடப் படத்திலும் நட்சத்திரங்கள் உருண்டையாகவே இருக்கின்றன. வெறுமனே நிலா பார்க்க இது வேண்டாம், சாதாரண ஸ்டாண்டே போதும். படமெடுக்க ஆசையிருந்தால் தாராளமாக வாங்குங்கள், செங்கல்லை மட்டும் மறக்க வேண்டாம்.