மெரிடாவா, மெய்யா?

கொக்குவிலில் அக்கா வீட்டில் இரண்டு படமும் பார்த்தோம்: 2012இல் வந்த ‘பிரேவ்’, 2022இல் வந்த ‘டேர்னிங் ரெட்’. இரண்டிலும் மகள் தாயை எதிர்க்கிறாள்; யார் பக்கம் நிற்பது என்பதுதான் கேள்வி. ‘பிரேவ்’ நாயகி மெரிடாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. கேட்காமலே கலியாணம் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் தாய் தைத்த குடும்பத் திரைச்சீலையை வாளால் கிழித்ததும், என்ன செய்யுமென்று தெரியாத மந்திரப் பலகாரத்தைத் தாய்க்குத் தின்னக் கொடுத்ததும் பெரிய பிழை. தாய் கரடியாகிவிடுகிறாள். கிழித்ததைப் பிறகு மெரிடா தானே ஊசி நூல் எடுத்துத் தைக்கிறாள், அதற்காக மன்னிக்கலாம்.

‘டேர்னிங் ரெட்’ நாயகி, ரொறன்ரோவின் 13 வயது மெய், பொய் சொல்கிறாள், தாய்க்கு ஒளித்துப் பிறந்தநாள் விருந்துக்குப் போகிறாள். சரி, பிழைதான். ஆனால் கடைக்காரப் பெடியனை மகள் ஒளித்துக் கீறிவைத்த கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவனிடமே போய் நின்றது தாய் அல்லவா? அந்த இடத்தில் பெறாமகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“என்ர டியூசன் பையை அம்மாவும் இப்பிடித்தான் கிண்டுறவ, சித்தி” என்றாள் மெல்ல.

நான் மெய்யின் பக்கம்.